சாயம் முதலா, தையல் முதலா? சுங்குடி, நூலோட்டம், கலம்காரி கலப்பது பற்றி

9 பிப்ரவரி 2023, ஒரு வாசகி கேட்டது

"அக்கா, அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடிப் புடவையில் ஒரு சுவர்த்தொங்கல் செய்ய ஆசை. அதன்மேல் வங்காளத்துக் காந்தா மாதிரி நூலோட்டம் போட்டு, நடுவில் கொஞ்சம் ஆரி வேலை, ஓரத்தில் கொஞ்சம் கலம்காரி வைக்கலாம் என்று நினைத்தேன். நான் வகுப்புக்குப் போகும் இடத்தில், ஒரு கைவேலையோடு இன்னொன்றைக் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்கிறார்கள். உண்மையா? கலப்பதென்றால் சாயம் முதலா, தையல் முதலா?"

9 பிப்ரவரி 2023, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சாயம் முதலில், தையல் பிறகு.

2016-ல் நான் பட்டது இது. அம்மாவின் பழைய நூல்புடவைகள் இரண்டை மேலும் கீழும் வைத்து, நடுவில் புதுக் காடாத்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டேன். நாலு மாதம் ஆனது. முடித்த பிறகுதான் நிறம் போதாது என்று தோன்றியது. கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைத்து, இரும்புத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். துணி நல்ல சாம்பல் கறுப்பாக வந்தது. நூல் மட்டும் வெள்ளையாகவே நின்றது. கடையில் வெறுமனே தையல் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கடுக்காய், அவுரி எதையும் அது உள்ளே வாங்காது. நாலு மாதத் தையலும் கறுப்புத் துணியில் அரிசி சிந்தினாற்போல் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

காடா வேறு சுருங்கிவிட்டது. அம்மாவின் புடவைகள் முப்பது வருடம் துவைபட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தவை. புதுக் காடா கஞ்சியோடு வந்தது, முதல் சுடுதண்ணீரிலேயே உள்ளே இழுத்துக்கொண்டது. மேல்துணிக்குப் போக இடமில்லை, பொங்கிப் பொங்கி நின்றது.

அதனால் புதுத்துணி என்றால் சோப்பும் கொஞ்சம் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துக் கஞ்சியை எடுங்கள். சாயம் போடுங்கள். அலசுகிற தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். அப்புறம் ஊசி. பழைய சுங்குடி என்றால் முந்தானை மூலையில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தப் புடவையோடு வெள்ளை நூலைச் சேர்க்க வேண்டாம்.

10 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதில் ஒன்றைத் தளர்த்துகிறேன். துணி பொங்கி நின்றதைக் கெடுதல் மாதிரி எழுதிவிட்டேன். பழைய புடவை அடுக்குகளைச் சேர்த்துச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போடும்போது துணி லேசாக அலையடிக்கும். காந்தாவின் அழகில் பாதி அதுதான், தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும். வேண்டும் என்று செய்தால் சுருக்கம் நல்ல கருவி. எந்த அடுக்கு சுருங்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று தெரியவில்லை.

13 பிப்ரவரி 2023

"கலந்தால் இரண்டும் கெடும்" என்பதற்கு வருகிறேன். நாலு நாளாக மனதில் அரித்துக்கொண்டே இருக்கிறது.

கோடாலி கருப்பூர்ப் புடவை என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொள்ளிடக் கரையோரம், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர் கோடாலி கருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே நெய்த புடவை அது. தறியிலேயே பருத்திப் பாவுக்கு இடையில் சரிகையைப் பூப்பூவாகக் கோத்து நெய்வார்கள். டாக்காவின் ஜம்தானியில் செய்வது போல, பூ வருகிற இடத்துக்கு மட்டும் தனி ஊடை, அதாவது குறுக்கு நூல். அப்படி நெய்து இறக்கிய துணியை எடுத்து, கலம் என்கிற மூங்கில் எழுதுகோலால் கோடு இழுத்து, மெழுகு வைத்து, சாயத்தில் போடுவார்கள். பருத்தி சாயத்தைக் குடித்து அடர்ந்த சிவப்பாகிவிடும். சரிகை குடிக்காது. சிவப்புக்கு அடியில் இருந்து அது செம்பு மாதிரி மங்கலாக மின்னும்.

நெசவு, எழுத்து, மெழுகு, சாயம், நாலும் ஒரே துணியில். எது கெட்டது? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்திலும் இன்றைக்கு அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த வேலை மறைந்ததற்குக் கலப்பு காரணம் இல்லை. சரபோஜிக்குப் பின் வந்த தஞ்சை மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார், அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது, வாங்குகிற அரண்மனை இல்லாமல் போனது.

உங்கள் வகுப்பில் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆசைப்பட்ட எல்லாவற்றையும் ஒரே துணியில் கொட்டினால் கண் எங்கே நிற்பது என்று தெரியாது. கருப்பூர்க்காரர்கள் சரிகையைச் சாயத்தின்மேல் ஒட்டவில்லை. சாயம் போடும்போது மின்ன வேண்டும் என்பதற்காகவே முதலில் நெய்தார்கள். ஒரு வேலை இன்னொரு வேலைக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் கேட்ட மூன்றில் எது எதற்காகக் காத்திருக்கிறது? அதை யோசித்துவிட்டு எழுதுங்கள்.

14 பிப்ரவரி 2023

நேற்று எழுதிவிட்டுப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. சாயம் குடிக்காத சரிகை. சாயம் குடிக்காத என் பாலியெஸ்டர் நூல். இரண்டும் ஒரே சங்கதி! அரிசி சிந்தின துணியைப் பரணில் இருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

20 பிப்ரவரி 2023

பரணில் துணியைக் காணவில்லை. யாருக்கோ தொட்டிலுக்குக் கொடுத்துவிட்டதாக அம்மா சொல்கிறாள். சரி, குழந்தை தூங்கட்டும்.

கலம்காரி பற்றி இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். பழைய சுங்குடியின்மேல் நேராகக் கலம்காரி எழுத முடியாது. ஸ்ரீகாளஹஸ்தி முறையிலும் நம்ம கருப்பூர் முறையிலும் கடுக்காய்தான் அடிப்படை. எழுதுவதற்கு முன் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்ததில் ஊற வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் துணி முழுக்க வெளிர் மஞ்சளாகும், சுங்குடியின் வெள்ளைப் புள்ளி செத்துப்போகும். அந்தப் புள்ளிக்காகத்தானே சுங்குடி? அதனால் கலம்காரியைத் தனித்துணியில் எழுதி, வெட்டி, சுங்குடியின்மேல் வைத்துத் தையுங்கள். ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, மறைதையல்.

பால் எதற்கு என்று ஒருவர் கேட்டார். கொழுப்புக்கு. எருமைப்பால் என்றால் நல்லது. பால் இல்லாமல் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். மை நூலிழைகளைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் ஓடி, கோடு கம்பளிப்பூச்சி மாதிரி ஆனது. பாலில் ஊறிக் காய்ந்த துணியில் கோடு விழுந்த இடத்திலேயே நிற்கும்.

மைக்கு: துருப்பிடித்த ஆணி, பனைவெல்லம், தண்ணீர். மூன்றையும் மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி மோந்து பார்த்துவிட்டு, "மாங்காயை எப்போ போடப்போறே?" என்றாள். அந்த மையில் கறுப்பே இருக்காது, பழுப்புத் தண்ணீர்தான். கடுக்காய்த் துணியில் கலம் படுகிற அந்த நொடியில்தான் கறுக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. எவ்வளவு கெட்டியாக எடுக்கிறீர்களோ அவ்வளவு கறுப்பு கிடைக்கும். பெரிய இடத்தை நிரப்பவும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

(இந்தக் கடைசி வரியைப் பின்னால் திருத்தியிருக்கிறேன். 5 பிப்ரவரி 2024 குறிப்பைப் படிக்காமல் செய்து பார்க்க வேண்டாம்.)

2 மார்ச் 2023

மஞ்சள்தூளில் சாயம் போட்டு அதன்மேல் நூலோட்டம் போட்டவருக்கு: படம் பார்த்தேன். துவைத்ததும் துணி ரத்தச்சிவப்பாகிவிட்டது என்று பதறியிருக்கிறீர்கள். பதற வேண்டாம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதேதான். சோப்பில் காரம் இருக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் எலுமிச்சம்பழம் இரண்டு பிழிந்து முக்கினால் மஞ்சள் திரும்பும்.

ஆனால் மஞ்சளைச் சுவர்த்தொங்கலுக்கு வைக்காதீர்கள். வெயில் அதைத் தின்றுவிடும். எங்கள் வீட்டு ஜன்னலோரம் மாட்டியது ஒரு கோடைக்குள் பழைய பேப்பர் நிறத்துக்கு வந்தது. மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் படிகாரத்தில் ஊறிய துணியைச் செண்டுமல்லிப் பூவோடு கொதிக்க வையுங்கள், அல்லது மாதுளம்பழத் தோலோடு. மாதுளந்தோல் மஞ்சளில் இரும்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் பாசிப்பச்சைச் சாம்பல் கிடைக்கும். அந்த நிறத்தின்மேல் சிவப்பு நூல் ஓடினால் பார்க்க வேண்டும்!

3 மார்ச் 2023

எலுமிச்சைத் தண்ணீர் வேலை செய்தது என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த முறை சோப்பு போட்டால் மறுபடி சிவக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

21 ஏப்ரல் 2023

நானே ஒன்று தொடங்கிவிட்டேன். எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டே இருந்ததில் கை துறுதுறுத்தது.

காலையில் வாசலில் கோலம் போடும்போது தோன்றியது. ஏழு புள்ளியில் ஆரம்பித்து நாலு வரை ஊடுபுள்ளி. மொத்தம் முப்பத்தேழு புள்ளி. இதையே சுங்குடி முடிச்சாகக் கட்டினால்? முடிச்சு புள்ளியைக் கொடுக்கும், ஊசி கோட்டைக் கொடுக்கும். சுங்குடிக்குக் கோடு போடத் தெரியாது. நூலோட்டத்துக்குப் புள்ளி நிரப்பத் தெரியாது. இது அதற்காகக் காத்திருக்கிறது, அது இதற்காக.

மெல்லிய மல் துணி, பதினெட்டு அங்குலச் சதுரம். கஞ்சி எடுத்துக் காயவைத்தாயிற்று. புள்ளிக்குப் புள்ளி இரண்டு அங்குல இடைவெளி. நிறம் அவுரி நீலம்.

30 ஏப்ரல் 2023

முடிச்சு போடுவது பார்க்க எளிதாகத்தான் தெரியும். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் பேசிக்கொண்டே கட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இடது கை விரல்நுனியில் துணியை ஒரு கடுகளவுக்குக் கிள்ளிப் பிடித்து, வலது கையால் நூலை மூன்று நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார்கள். கண் துணியில் இருக்காது, எதிரில் இருப்பவர் முகத்தில் இருக்கும். எனக்கு முப்பத்தேழு முடிச்சுக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது, நகத்தடியில் எரிச்சல் வேறு.

அவுரித் தொட்டி: அவுரிப் பொடி ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை (பிரக்டோஸ்) மூன்று பங்கு, சுடுதண்ணீர். மறுநாள் மேலே செம்புநிற ஆடையும் நீல நுரையும் வந்தால் தயார். உள்ளே தண்ணீர் மஞ்சள்பச்சையாக இருக்க வேண்டும், நீலமாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

துணியைக் காற்றுக்குமிழி இல்லாமல் உள்ளே இறக்கி, இரண்டு நிமிடம் பொறுத்து வெளியே எடுத்தேன். கீரைத்தண்டுப் பச்சை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கையில் பிடித்திருக்கும்போதே விளிம்பில் இருந்து நீலம் ஏறியது. முதலில் மடிப்பின் முதுகு, பிறகு பள்ளம், கடைசியில் முடிச்சின் கழுத்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து முறை முக்கினேன், ஒவ்வொரு முறையும் காற்றில் நன்றாக விரித்து.

காய்ந்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் நூல் படபடவென்று தெறித்து அவிழும். முப்பத்தேழு வெள்ளைப் புள்ளி. சிலவற்றின் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு நீலப் பொட்டு. முடிச்சின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை அவை. அடுத்த முறை எல்லாவற்றுக்கும் தலை வைத்துக் கட்டப் போகிறேன்.

11 ஜூன் 2023

தையல் நன்றாக வரவில்லை.

சிக்குக்கோலத்தின் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து போகும். வெள்ளைப் பருத்தி நூலில் அந்த வளைவை ஓட்டினேன். பத்துப் புள்ளி தாண்டுவதற்குள் வெள்ளை நூல் அழுக்கு நீலமாகிவிட்டது. விரல்நுனி நீலம், ஊசி நீலம். அவுரி துணியின்மேல் படிந்திருக்கிற சாயம், தேய்த்தால் வரத்தான் செய்யும். அலசு தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். தெளிந்த தண்ணீர் மட்டும் போதாது. காய்ந்த துணியை வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

வளைவும் சிக்கல்தான். நேர்க்கோட்டில் ஓட்டுகிற நீளத்திலேயே வளைவிலும் ஓட்டினால் வட்டம் அறுகோணமாகத் தெரிகிறது. வளைவில் தையல் அரிசியில் பாதி இருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவு முடிந்ததும் துணியைக் கட்டைவிரலால் நீவி நூலைத் தளர்த்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவே அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கோலம் போடாத வாசல் மாதிரி.

12 ஜூன் 2023

முதல் கேள்வி கேட்ட தங்கை மறுபடி எழுதியிருக்கிறார். ஆரிக்காகச் சுங்குடியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதும், பழைய புடவை மூலையில் இழை இழையாக விட்டுவிட்டதாம். படித்ததும் மனசு கனத்துவிட்டது, அது அவருடைய அம்மாவின் புடவை.

ஆரிக்குத் துணி மத்தளம் மாதிரி இறுக்கமாக நிற்க வேண்டும். கொக்கி ஊசி குத்தி இறங்கி நூலை மேலே இழுத்து வரும்போது துணி அசையக் கூடாது. பழைய பருத்திக்கு அந்த இழுப்பைத் தாங்கும் தெம்பு கிடையாது. மீதித் துணிக்கு இப்படிச் செய்யுங்கள்: புது மல் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள், புடவைத் துண்டை அதன்மேல் இழுக்காமல் பரப்பி ஓரத்தில் தொட்டுத்தையல் போடுங்கள். இழுப்பையெல்லாம் மல் வாங்கிக்கொள்ளும். விட்டுப்போன மூலையைத் தூக்கிப் போட வேண்டாம். அடியில் ஒட்டுத்துணி வைத்து அதன்மேல்தான் நூலோட்டம் ஓட வேண்டும். காந்தா பிறந்ததே நைந்த துணிக்காகத்தான்.

19 ஆகஸ்ட் 2023

மட்டக்களப்பில் பத்திக் வேலை செய்கிற அண்ணர் ஒருவர் மெழுகு பற்றி எழுதியிருக்கிறார். பரபின் மெழுகு மட்டும் வைத்தால் காய்ந்ததும் நொறுங்கி, வெடிப்பு வழியே சாயம் இறங்கி வலைப்பின்னலாகத் தெரியும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், கோடு சுத்தமாக நிற்கும். வெடிப்பு எவ்வளவு வேண்டுமோ அதைப் பார்த்து இரண்டையும் கலப்பார்களாம். "வெடிப்பைப் பிழையெண்டு நினைக்கவேண்டாம் தங்கச்சி, அதுவும் ஒரு கோடுதான்" என்கிறார்.

அதைப் படித்ததும் எனக்கு வேறொன்று விளங்கியது. தேன்மெழுகு அறுபது டிகிரி தாண்டியதும் உருகிவிடும். சிவப்புக்கு வேர்ச்சாயத்தைச் சூடாக்கியே ஆக வேண்டும். கரைத்துத் தயாரான அவுரித் தொட்டிக்குத் துணியை முக்கும்போது சூடு வேண்டியதில்லை. அதனால்தான் கலம்காரியில் சிவப்பு பிடிக்க வேண்டிய இடத்தில் படிகாரம் எழுதி, சிவப்பைக் கொதிக்க வைத்து முடித்துவிட்டு, அப்புறம் மெழுகு வைத்து நீலத்துக்குப் போகிறார்கள். நான் "சாயம் முதல், தையல் பிறகு" என்று ஒரே வரியில் அடித்துச் சொன்னது எவ்வளவு மேலோட்டம்! எந்தச் சாயம் என்று கேட்டிருக்க வேண்டும். எந்த வேலைக்குச் சூடு வேண்டும், எது தண்ணீரில் சுருங்கும், எது துணியை இழுக்கும் என்று மூன்றையும் பார்த்துத்தான் வரிசை போட முடியும்.

26 நவம்பர் 2023

கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கோயிலில் தொம்பைகள் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்தியை விட்டுவிட்டேன் என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

உருளையாகத் தொங்குகிற அந்தத் துணியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வெட்டி வைத்துத் தைத்த யாளியும் பூவும். ஒவ்வொரு வெட்டுத்துணியின் விளிம்பிலும் வெள்ளை நாடாவை வைத்துத் தைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நாடா பிசிரை மறைக்கிறது. எட்டிப் போய்ப் பார்த்தால் அதுவே ஓவியத்தின் கோடு. ஒரே நாடா இரண்டு வேலை பார்க்கிறது.

கலம்காரியை வெட்டி வைத்துத் தைக்கிறவர்களுக்கு இது நல்ல வழி. கால் அங்குலம் மடிக்கச் சொல்லியிருந்தேன், வளைவுகளில் மடிப்பு புடைத்துக்கொண்டு தெரிகிறது என்று இருவர் எழுதியிருந்தீர்கள். மடிக்க வேண்டாம். வெட்டின விளிம்பில் மெல்லிய பருத்திக் கயிற்றைப் படுக்க வைத்து, குறுக்கே சின்னச் சின்னத் தையலால் பிடித்துக்கொண்டே போங்கள்.

5 பிப்ரவரி 2024

இது முக்கியமான திருத்தம்.

2019-ல் நான் செய்த ஒரு மயில். உடல் முழுக்க இரும்பு மையைக் கெட்டியாகப் பூசிக் கறுப்பாக்கி, மேலே நூலோட்டம் போட ஓரமாக வைத்திருந்தேன். இன்று எடுத்து ஊசியைக் குத்தினால் அப்பளத்தில் குத்தியது போல் ஒரு சத்தம். நூலை இழுத்ததும் துணி கிழியக்கூட இல்லை, பொடிந்தது. விரலில் கறுப்புத்தூள். அதே துணியில் மெல்லிய கோடாக எழுதிய இடங்கள் நன்றாக இருக்கின்றன.

இரும்பு நாளாக நாளாகப் பருத்தி இழையை அரித்துவிடும். பழைய எழுத்துத் துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடத்தில் மட்டும் துணி உதிர்ந்து போயிருப்பது இதனால்தான். போன வருடம் பிப்ரவரியில் "கெட்டியாக எடுத்தால் கறுப்பு, நிரப்பவும் வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதினேன். தப்பு. அதை நம்பிச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இரும்பு மையைக் கோட்டுக்கு மட்டும் வையுங்கள். நீர்க்க எடுங்கள், எழுதி முடித்ததும் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பெரிய இடத்துக்கு அடர்நிறம் வேண்டுமென்றால் கடுக்காய்ப் பழுப்பின்மேல் அவுரியை நாலைந்து முறை ஏற்றுங்கள். கறுப்புக்கு மிக அருகில் வரும், துணியும் பிழைக்கும்.

மயிலைக் காப்பாற்ற முடியாது. கொண்டையும் காலும் மெல்லிய கோடுகள், அவற்றை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

14 ஜூலை 2024

கோலத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை வரிசையைத் தலைகீழாக்கி, தையலை முதலில் வைத்தேன்.

புது மல் துணியில் முப்பத்தேழு புள்ளியையும் தையல்சாக்கால் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வளைகிற கோட்டைப் பாலியெஸ்டர் வெள்ளை நூலில் ஓட்டினேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், சாயங்கால வெளிச்சத்தில் நானே தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு வளைவுகளுக்கு நடுவே முடிச்சுகளைக் கட்டினேன், எல்லாவற்றுக்கும் தலை வைத்து. கடைசியில் அவுரித் தொட்டி. ஐந்து முக்கு.

வெளியே எடுத்தபோது நூலும் லேசாக நீலம் பூசிக்கொண்டிருந்தது. வயிற்றைக் கலக்கியது. சோப்புத் தண்ணீரில் இரண்டு அலசல், நூல் மேலிருந்த நீலம் போய்விட்டது. முடிச்சைத் தெறித்தேன். ஆழ்ந்த நீலத்தில் முப்பத்தேழு வெள்ளைப் புள்ளி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் பொட்டு, சுற்றிலும் வெள்ளைக் கோடு. நூல் இறுக்கமாக அழுத்தியிருந்த இடங்களில் அடியில் சாயம் இறங்காமல் மெல்லிய வெளிர்நிழல் நிற்கிறது. ஈரமான வாசலில் மாவுக்கோலம் போட்டதும் ஓரம் லேசாகக் கசியுமே, அந்த மாதிரி. இதை நான் திட்டமிடவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தடவிப் பார்த்தாள். "நாலாவது வரிசையில ஒரு புள்ளி தள்ளியிருக்கு" என்றாள். உண்மைதான், கால் அங்குலம்.

15 ஜூலை 2024

படம் கேட்டவர்களுக்கு: ஓரம் மடித்துத் தைத்ததும் போடுகிறேன். பின்பக்கம் இன்னொரு மல் துணி வைத்து மூடப் போகிறேன். முதலிலேயே இரண்டு அடுக்காகத் தைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். இரண்டு அடுக்கைக் கிள்ளினால் முடிச்சு தடித்துவிடும், கீழ் அடுக்கில் புள்ளி சப்பையாக விழும்.

தங்கை தன் சுங்குடியை முடித்துவிட்டார். ஆரியையும் கலம்காரியையும் விட்டுவிட்டு, விட்டுப்போன மூலையைச் சுற்றி நூலோட்டம் மட்டும் போட்டிருக்கிறார். கிழிசலில் தொடங்கி வட்டம் வட்டமாக விரிகிறது, குளத்தில் கல் விழுந்தது போல. மூன்று வேலையில் இரண்டைக் கழித்தது அவருடைய சொந்த முடிவு, நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

9 பிப்ரவரி 2023 குறிப்பில் பாலியெஸ்டர் பற்றிய இடத்தை இப்படித் திருத்திப் படியுங்கள்: நூலும் சாயம் வாங்க வேண்டுமென்றால் பருத்தி நூல், சாயத்துக்கு முன்பே தைக்க வேண்டும். நூல் வெள்ளையாக நிற்க வேண்டுமென்றால் பாலியெஸ்டர், சாயத்துக்கு முன்பே தைத்துவிட வேண்டும். வாங்கும்போது ஒரு முழம் அறுத்து நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டுகொள்ளும்.

தொட்டிலுக்குப் போன அந்தத் துணி யாரிடம் இருக்கிறது என்று அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. குழந்தைக்கு இப்போது எட்டு வயது. இன்னும் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறானாம், அதனால் திருப்பிக் கேட்கவில்லை.